ஒரு படி தவிடு

கதைகளில் எதையாவது தேடிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். ஏழு கடல் தாண்டுவார்கள், ஏழு மலை ஏறுவார்கள், தேடினது கையில் கிடைக்கும், ஊரைக் கூட்டி விருந்து வைப்பார்கள். மாதா கோயிலில் கேட்ட பிரசங்கக் கதைகளும் அப்படித்தான். தொலைந்தது கிடைத்த பிறகு யாருக்காவது வயிறு எரிந்ததாக ஒரு சாமியாரும் சொன்னதில்லை. டீச்சராக இருந்த காலமெல்லாம் அந்தக் கதைகளைப் பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதியை அழித்து மறுபடி எழுதுவேன்.

செவ்வாய்ப்பேட்டை மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா தச்சர். வேலை எங்கே இருக்கிறதோ அங்கே உளிப்பையைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தவர், எனக்கு விவரம் தெரிகிற வயதில்தான் சேலத்தில் நிலைத்தார். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் பெண்கள். இரண்டும் ஒரு மாதம் தாண்டவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு தம்பிகள், உரல் மாதிரி. சண்டை வந்தால் அவர்களிடம் ஒரே ஆயுதம்தான் இருந்தது. “உன்னைத் தவிட்டுக்குத்தான வாங்குனாங்க!” எல்லா வீட்டிலும் சொல்கிற கேலிதான் இது. மற்ற வீட்டு அம்மாக்கள் கேட்டுச் சிரிப்பார்கள். என் அம்மா மட்டும் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள். அதை நான் கவனித்திருக்கிறேன். ஏன் என்று கேட்கத் தோன்றியதில்லை.

நயா பைசா வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் இடம் தருவதாகக் கடிதம் வந்தது. கத்தோலிக்கப் பெண்களுக்கென்று ஒதுக்கிய இடம் என்பதால் ஞானஸ்நான சர்டிபிகேட் வேண்டும், ஜூன் மாதத்து முதல் வெள்ளிக்கிழமைக்குள் அது வந்து சேராவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. அப்பா கடிதத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “சீட்டுக் கெடச்சாப் படி. கெடைக்கலைன்னா உங்க அத்தைகிட்டச் சொல்லிடுறேன்” என்றார். அத்தை மகன் கெட்டவன் இல்லை. ஆனால் பதினேழு வருஷத்தில் என்னிடம் அவன் பேசியது “சோறு போடு” என்பது மட்டும்தான். நான் டீச்சர் ஆகவேண்டும். அதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

அதுவரை என் ஞானஸ்நானத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. பள்ளியில் சேர்த்தபோது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டேன், சேர்த்துக்கொண்டார்கள். கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்குகிற புதுநன்மையின்போது உபதேசியார் அப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதால் வாய்வார்த்தையே போதுமானதாக இருந்தது. இப்போதுதான் நான் எந்தக் கோயில் பங்கில் ஞானஸ்நானம் பெற்றேன் என்ற கேள்வியே எழுந்தது. அப்பா மோவாயைச் சொறிந்தார். “நீ பொறந்தப்ப நான் மேட்டூர்ல வேலையா இருந்தேன். அம்மா பனமரத்துப்பட்டியிலயா, இல்ல நாமக்கல் பக்கமா, எங்க இருந்தான்னு...” என்று இழுத்தார். பெற்ற பிள்ளை எங்கே பிறந்தது என்பதை அந்த மனிதர் மறந்திருந்தார். எந்த ஊரில் எத்தனை கதவு செய்தார் என்று கேட்டால் மட்டும் தாழ்ப்பாள் உட்படச் சொல்லுவார்.

அம்மாவைக் கேட்டேன். “பனமரத்துப்பட்டியில பாரேன்” என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

கத்திரி வெயிலில் போனேன். முதலில் சேலத்திலேயே கேட்டேன். அதன் பிறகு அப்பா மதகுப் பலகை மாற்றப் போயிருந்த பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கத்துக் கிராமம் எந்தப் பங்கைச் சேர்ந்ததோ அந்தக் கோயிலுக்கு இரண்டு தடவை போனேன். ஞானஸ்நானப் புத்தகங்கள் எல்லாம் லத்தீனில் இருந்தன. பழுத்துப்போன மை. எனக்கு லத்தீன் தெரியாது. அப்பா பேரும் அம்மா பேரும் அந்த எழுத்தில் எப்படி இருக்கும் என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, பெற்றோர் பேர் எழுதியிருக்கும் பத்தியில் விரலை ஓட்டிக்கொண்டே போனேன். முதல் தடவை சாமியார் இல்லை. இரண்டாம் தடவை சாமியார் இருந்தார், பெட்டிச் சாவி வைத்திருந்த உபதேசியார் சாவுக்குப் போயிருந்தார். நான் கோயில் படியிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து திறந்து கொடுத்தார். நான் பிறந்திருக்கக்கூடிய வருஷத்துக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பார்த்தேன். என் பேர் உள்ள பெண்கள் ஒரு டஜன் இருந்தார்கள். ஒருத்திக்கும் என் அப்பா அம்மா இல்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரும் புனிதரான அர்ச்சியசிஷ்டவருக்குப் பதின்மூன்று செவ்வாய்க்கிழமை நேர்ந்துகொண்டு மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று செவ்வாய் முடிய ஆகஸ்டு ஆகிவிடும். நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். “விசுவாசம் இருந்தா முன்னாலயே கெடைக்கும்” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் இந்த ஊட்டுல பொறந்தவளா இல்லையா? எந்தப் புஸ்தகத்துலயும் என்னக் காணோமே!” என்று குடையை வீசி எறிந்தேன். வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த பெரிய தம்பி வழக்கம்போல, “தவிட்டுக்கு வாங்கினதுக்குச் சர்டிபிகேட்டு ஏது?” என்றான்.

அம்மா எழுந்து போய் அவன் முதுகில் அகப்பையால் அடித்தாள். கைப்பிடி முறிந்துவிட்டது. அவன் அழவில்லை, வாயைப் பிளந்து பார்த்தான். அம்மாதான் அழுதாள்.

மறுநாள் காலை குழாயடிக்குப் போகிற வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். இரண்டு பெண்களைப் புதைத்த பிறகு நான் பிறந்தேன். நாமக்கல்லுக்கு மேற்கே ஒரு கிராமம். அப்பா மேட்டூரில். நானும் பாலைக் கக்கினேன், கண் செருகினேன். அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில், பிறந்த பிள்ளை தங்காவிட்டால் அடுத்ததை வேறொருத்திக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அடுத்தவள் பிள்ளை என்று ஆகிவிட்டால் சாவுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமாம். பிள்ளை தேறின பிறகு பெற்றவள் ஒரு படி தவிடு கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டில் இருந்தவர்களும் எங்களைப் போல வேதக்காரர்கள்தான், கிறிஸ்தவர்கள். பிள்ளையில்லாத புருஷன் பெண்சாதி. அந்த அம்மாள் படியில் தவிடு கொண்டுவந்து என் அம்மாவின் மடியில் கொட்டிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டாள்.

“அப்புறம்?” என்றேன்.

“நான் தீட்டோட படுத்திருந்தேன். அவங்கதான் உன்னக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. யார் புள்ளைன்னு கேட்டா எங்க புள்ளைன்னுதான சொல்லோணும்? மாத்திச் சொன்னா வித்தது செல்லாதே.”

அப்பா வந்து அந்த ஊரில் பாக்கியிருந்த வேலையைப் பத்தே நாளில் முடித்ததும் என்னையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. தவிடு கொடுத்து என்னைத் திருப்பி வாங்கவும் இல்லை. தாயத்து, தவிடு என்று போகிறவர்களுக்கு நன்மை கொடுக்கமாட்டேன் என்று அன்றைய சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லியிருந்தாராம். அந்தப் பயத்தில் பதினேழு வருஷம் வாயைத் திறக்கவில்லை. நான் மூன்று வாரமாக வெயிலில் நாயாக அலைந்ததைப் பார்த்துக்கொண்டு, தான் ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்துத் தரும்படி அர்ச்சியசிஷ்டவரிடம் மன்றாடிக்கொண்டிருந்திருக்கிறாள்! எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

முதல் வெள்ளிக்கு நான்கு நாள்தான் இருந்தது. அம்மாவும் நானும் ராசிபுரம் வழியாக நாமக்கல் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறி, இறங்கி இரண்டு மைல் நடந்தோம். அம்மா இடுப்பில் ஒரு துணி மூட்டை வைத்திருந்தாள். என்ன என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்றாள். ஆமணக்குக் காட்டுக்கு நடுவில் வண்டித்தடம். அவள் நின்று நின்று வந்தாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்டினேன்.

இந்தத் தடவை எந்தப் பேரைத் தேட வேண்டும் என்று தெரியும். பங்குச் சாமியார் கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டார். என் பேர், பிறந்த நாள், ஞானஸ்நானம் கொடுத்த நாள். பிறந்த நாளை அப்போதுதான் முதல்முறை தெரிந்துகொண்டேன், பள்ளிக்கூடத்தில் எழுதியிருந்தது அது இல்லை. ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாமியார் அடுத்த பத்தியில் விரல் வைத்தார். “இதுல நீ வேற ஆளுடைய மகள். உங்க அப்பா அம்மா பேர் போட்டு நான் எப்படிச் சர்டிபிகேட் கொடுக்கிறது?”

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இது அஞ்ஞானிகள் செய்யற காரியம் இல்லையா?”

“ஆமாங்க சாமி. ஆனா புள்ள பொழச்சுதுங்களே.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த அம்மாள் உயிரோடு இருக்கிறாள், புருஷன் செத்துப்போய்விட்டான், அவள் வந்து இரண்டு சாட்சிகள் முன்னால் இவள் எனக்குப் பிறந்தவள் இல்லை என்று சத்தியம் செய்து ரேகை வைத்தால், புத்தகத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதிச் சர்டிபிகேட் தருகிறேன் என்றார். சாயங்காலம் அவருக்கு வேறு கிராமத்தில் பூசை இருந்தது. மூன்று மணிக்குள் வரச்சொன்னார்.

அந்த அம்மாள் இருந்தது ஊரின் கடைசி வீட்டில். வாசலில் ஆமணக்கு முத்தைக் காயப்போட்டுக் காலால் கிளறிவிட்டுக்கொண்டு ஒரு அம்மாள் நின்றாள். ஒல்லி, நல்ல உயரம். அம்மாவைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“வந்துட்டியா சாமி” என்றாள், நேற்றுச் சந்தைக்குப் போனவளிடம் கேட்கிற மாதிரி.

மோர் கொடுத்தாள். கன்னத்தைத் தொட்டாள், நெற்றியைத் தொட்டாள், காதில் என்ன போட்டிருக்கிறேன் என்று பார்த்தாள். நான் மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வந்த விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே கையை எடுத்துக்கொண்டாள்.

“நான் அப்பிடிச் சொல்ல மாட்டேன்” என்றாள்.

“நெசந்தான பெரியம்மா? நீங்க பெக்கலையே?”

“பெக்கல. ஆரு இல்லைன்னா? எனக்கு ஒரு புள்ள இருக்குதுன்னு எழுதியிருக்கிறது இந்த ஒலகத்துல அந்த ஒரு புஸ்தகத்துலதான் சாமி. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. உனக்கென்ன நட்டம்?”

எனக்கென்ன நட்டமா? மணி ஒன்றரை ஆகியிருந்தது. என்னைப் பற்றிய ஒரு வரி, அதுகூடத் தப்பாக எழுதினது, அதை இந்த அம்மாள் தன் சொத்து மாதிரிப் பேசுகிறாளே என்று இருந்தது. “நான் படிக்கோணும். பேப்பர் வேணும். நீங்க சொன்ன பொய்யினால நான் கெடணுமா?” என்று கேட்டேன். பொய் என்ற வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்போதுதான் அம்மா மூட்டையை அவிழ்த்தாள். தவிடு. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வாங்கின நயமான அரிசித் தவிடு. எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. முத்திரை குத்தின பேப்பருக்காக நான் வந்திருக்கிறேன், இவள் மாட்டுக்குப் போடுகிறதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்!

“அக்கா, அன்னைக்கு நீங்க போட்டது ஒரு படி. இதுவும் ஒரு படி, அளந்துதான் கொண்டாந்தேன். இவளுக்குச் சொரம் வந்தப்ப எல்லாம், திருப்பி வாங்காத புள்ளையாச்சேன்னு நான் பயந்து சாகாத நாளில்ல. இப்பக் குடுத்துருங்க” என்று அம்மா மண்டி போட்டாள்.

அந்த அம்மாள் தவிட்டைப் பார்த்தாள். “ஏன் அம்மிணி, இத்தன வருசங் கழிச்சு...” என்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. முந்தானையை விரித்துப் பிடித்தாள். அம்மா கொட்டினாள். வாங்கினதை முடிச்சுப் போட்டு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

வண்டித்தடத்தில் என் பக்கத்தில் நடந்து வரும்போது ஒன்று கேட்டாள். “வருசத்துக்கு ஒருக்கா வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போவியா சாமி?”

“வாரேனுங்க பெரியம்மா” என்றேன். மணி இரண்டே கால் ஆகியிருக்கும், நடையை எட்டிப் போடமாட்டாளா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உபதேசியாரும் சாமியாரின் சமையல்காரரும் சாட்சி. சாமியார் சுவிசேஷப் புத்தகத்தின் மேல் அவள் கையை வைக்கச் சொன்னார். “இந்தப் பெண் உமக்குப் பிறந்தவளா?”

அவள் சுவரில் இருந்த சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சமையல்காரர் இருமினார். எனக்குப் பொறுக்கவில்லை. “பெரியம்மா, பஸ் போயிரும்” என்றேன்.

“இல்லீங்க சாமி” என்றாள்.

ரேகை வைத்த பிறகு விரலில் இருந்த மையைத் துடைக்காமலே, “அந்த எழுத்த அழிச்சுப் போடுவீங்களா?” என்று கேட்டாள். அழிக்க மாட்டோம், ஓரத்தில்தான் எழுதுவோம் என்றார் சாமியார். அவள் தலையாட்டினாள். நான் சர்டிபிகேட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினேன். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் பயிற்சிப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இடம் கிடைத்தது. அத்தை ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை.

நான் அந்த ஊருக்குப் போகவில்லை. பயிற்சி முடிந்து அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒவ்வொரு கோடை லீவிலும் போகவேண்டும் என்று நினைப்பேன். விடைத்தாள் இருந்தது, தம்பிக்கு அம்மை போட்டது, பஸ்ஸில் கூட்டம். காரணத்துக்கா பஞ்சம்? உண்மையைச் சொன்னால், அந்த வரியை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக இருந்தது. என் வாழ்க்கையின் முதல் எழுத்தே தப்பு என்று எந்த டீச்சர்தான் போய்ப் பார்க்க விரும்புவாள்? அம்மா இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றேன்.

ஆறு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. கோயிலில் கல்யாணம் செய்ய ஞானஸ்நானப் புத்தகத்திலிருந்து புது நகல் வேண்டும் என்பது சட்டம், பழையது செல்லாது. மறுபடியும் அந்த வண்டித்தடத்தில் நடந்தேன். கடைசி வீட்டுக்கும் போகலாம் என்று அரைச் சேர் மிட்டாய் வாங்கிப் பையில் வைத்திருந்தேன்.

சாமியார் மாறியிருந்தார், கையெழுத்துப் போட்ட காகிதங்களை வைத்துவிட்டு வெளியே போயிருந்தார். உபதேசியாரும் புது ஆள். புத்தகத்தைத் தேடி எடுத்து விரித்தார். என் வரி அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில் என் அப்பா அம்மா பேரோடு நெருக்கி எழுதிய இரண்டு வரி, அடியில் ஒரு ரேகை. நான் அந்த அம்மாளைப் பற்றி விசாரித்தேன்.

“அதுங்களா? போன தையில தவறிப்போச்சுங்க” என்றார். “பாவம், கடைசில ஒரே பொலம்பல். என்ற மக சேலத்துல டீச்சரா இருக்குது, ஆள் உட்டுச் சொல்லுங்க, வந்துரும்னு நாலு நாளாச் சொல்லிட்டே இருந்துச்சுங்க. சரி, யாராச்சும் இருந்தாத் தாக்கல் சொல்லோணுமேன்னு நானும் இந்தப் புஸ்தகத்தத்தான் எடுத்துப் பாத்தேன். பாருங்க, மக இல்லைன்னு ஓரத்துல சுத்தமா எழுதியிருக்குது, அதுவே ரேகையும் வெச்சிருக்குது. கெழவிக்குப் புத்தி பெசகிப்போச்சாட்டக்குதுன்னு உட்டுட்டோமுங்க. மண்ணள்ளிப் போடக்கூட நாங்க ரெண்டு மூணு பேருதான்.”

அவர் பேனாவை மைக்கூட்டில் தொட்டு எடுத்தார். நகல் எழுதுகிற காகிதத்தில் என் பேரை எழுதினார். பிறந்த நாளை எழுதினார். அப்புறம் நிமிர்ந்தார்.

“அப்பா அம்மா பேரு ஓரத்துல இருக்கிறதத்தானுங்களே போடோணும்?”

“ஆமாங்க” என்றேன்.